கையால் பெயர் எழுதி ஓட்டுப் போடலாமா? அமெரிக்க அதிபர் தேர்தலின் ‘ரைட்-இன்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அதிபர் தேர்தல் ஆண்டில் அக்டோபர் மாதம் வந்துவிட்டால் எங்கள் நியூ ஜெர்சித் தமிழர் வட்டாரத்தில் கொலு பார்க்கப் போன வீட்டிலும் இதே பேச்சுதான்: “ரெண்டு பேரையும் பிடிக்கலை. வேற ஒருத்தர் பேரை நானே எழுதிப் போட்டா என்ன?” டெக்சாசிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் நண்பர்கள் போனில் கேட்பதும் இதையேதான். கட்சி சாராதவருக்கோ, பெரிய கட்சிகள் ஒதுக்கியவருக்கோ, அச்சில் பெயரே வராத ஒருவருக்கோ ஓட்டுப் போட நினைப்பவர்களின் சந்தேகங்களை, அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். 2028 நவம்பர் 7 அன்று அடுத்த அதிபர் தேர்தல். யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது.

போன வருஷம்தான் சிட்டிசன் ஆனேன். பேலட்ல அதிபர் பேருக்கெல்லாம் கீழே காலியா ஒரு கோடு இருக்காமே, அது எதுக்கு?

வாக்குச்சீட்டில் அதிபர் பதவிக்கான பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன முட்டை வட்டம். கடைசியில் ஒரு வட்டமும் அதன் பக்கத்தில் ஒரு வெற்றுக் கோடும் இருக்கும். அச்சில் இல்லாத ஒருவருக்கு வாக்களிக்க விரும்பினால் அந்த வட்டத்தை நிரப்பி, கோட்டின் மேல் அவர் பெயரை எழுதலாம். இதைத்தான் ‘ரைட்-இன்’ என்கிறார்கள்.

1880-களின் இறுதிவரை அமெரிக்காவில் அரசு வாக்குச்சீட்டு அச்சடிக்கவில்லை. கட்சிகளே சீட்டு அச்சடித்துக் கொடுக்கும், அதை வாங்கிப் பெட்டியில் போடுவார்கள். அரசே சீட்டை அச்சடிக்க ஆரம்பித்த பிறகுதான் யார் பெயர் அதில் வரலாம், யார் பெயர் வரக்கூடாது என்ற கேள்வியே பிறந்தது. அந்த அச்சுக்கு வெளியே வாக்காளருக்கு விட்டுவைத்த இடம்தான் இந்தக் கோடு.

நான் கிரீன் கார்டுதான். எழுதிப் போடறது மட்டும்தானே, நான் போடலாமா?

கூடாது. அதிபர் தேர்தலில் எந்த வகை ஓட்டானாலும் குடியுரிமை பெற்றவர்களுக்கு மட்டுமே. குடியுரிமை இல்லாமல் வாக்களித்தால் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், நாடு கடத்தப்படும் வாய்ப்பும் உண்டு. டிரைவிங் லைசென்ஸ் வாங்கும் இடத்தில் வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். இதில் விளையாட்டே வேண்டாம்.

யார் பேரை வேணும்னாலும் எழுதலாமா? எழுதினா எண்ணுவாங்களா?

எழுதுவது வேறு, எண்ணப்படுவது வேறு. பலரும் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். அதிபர் தேர்தல் என்பது ஒரே தேர்தல் அல்ல. 50 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தனித்தனியாக நடத்தும் 51 தேர்தல்கள். ரைட்-இன் விதியும் அதேபோல இடத்துக்கு இடம் மாறும்.

சில மாநிலங்களில் அதிபருக்கு ரைட்-இன் கிடையவே கிடையாது. ஹவாய், நெவாடா, ஒக்லஹோமா, லூசியானா, தெற்கு டகோட்டா, ஆர்கன்சா, தெற்கு கரோலினா எல்லாம் அந்த வகை. (தெற்கு கரோலினாவில் மற்ற பல பதவிகளுக்கு எழுதலாம், அதிபருக்கு மட்டும் முடியாது.) இன்னொரு பக்கம் நியூ ஜெர்சி, நியூ ஹாம்ப்ஷயர் போன்ற சில மாநிலங்கள் வேட்பாளரிடம் முன்பதிவு எதுவும் கேட்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான் பெரும்பாலானவை: கலிபோர்னியா, டெக்சாஸ், நியூயார்க், இல்லினாய், ஜார்ஜியா, புளோரிடா என்று நம் மக்கள் அதிகம் வாழும் மாநிலங்கள் பல இதில் அடங்கும். இங்கே வேட்பாளர் முன்கூட்டியே “என்னை ரைட்-இன் வேட்பாளராக ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று முறைப்படி பதிவு செய்திருக்க வேண்டும். செய்யாதவர் பெயரை நீங்கள் எவ்வளவு அழகாக எழுதினாலும் அது அவர் கணக்கில் சேராது. ‘ஸ்கேட்டரிங்’ என்ற தலைப்பில் உதிரிகளோடு உதிரியாக ஒரு மொத்த எண்ணில் போய்விடும், சில இடங்களில் அதுவும் இல்லை.

ஓட்டுப் போடறது என் உரிமை. எழுதக்கூடாதுன்னு ஒரு மாநிலம் எப்படிச் சொல்லலாம்?

நியாயமான கோபம். இதே கோபத்தோடு ஹவாயில் ஆலன் பர்டிக் என்ற வாக்காளர் நீதிமன்றம் போனார். 1986-இல் அவருடைய தொகுதியில் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரே ஒருவர்தான் மனுத் தாக்கல் செய்திருந்தார். அவரைப் பிடிக்கவில்லை என்றால் எழுதவும் வழியில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1992-இல் தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகள் ஹவாயின் தடை செல்லும் என்றார்கள், மூன்று பேர் மறுத்தார்கள். வேட்பாளராக வர விரும்புபவருக்கு மனுத் தாக்கல் செய்யப் போதுமான வழிகள் திறந்திருக்கும்போது, கடைசி நேரத்தில் பெயர் எழுதும் உரிமையை மாநிலம் மறுக்கலாம் என்பது பெரும்பான்மையின் வாதம்.

என் மனம் அந்த மூன்று பேரின் பக்கம்தான். ஆனாலும் சட்டம் இன்று அந்த ஆறு பேர் சொன்னதுதான். ஹவாயில் இருக்கும் நண்பர் கோபத்தில் சீட்டின் ஓரத்தில் பெயர் எழுதுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

பேரை எழுதறதுக்கு வேட்பாளர் ஏன் பேப்பர் கொடுக்கணும்? மக்கள் எழுதினா போதாதா?

அதிபருக்கு வாக்களிக்கும்போது நாம் நேராக அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை. நம் மாநிலத்தின் சார்பில் டிசம்பரில் கூடி அதிபருக்கு வாக்களிக்கப் போகும் எலெக்டர்களைத் தேர்ந்தெடுக்கிறோம். நாடு முழுக்க 538 எலெக்டர்கள், 270 பேர் கிடைத்தால் வெற்றி. கலிபோர்னியாவுக்கு இப்போது 54, டெக்சாசுக்கு 40, நியூயார்க்குக்கு 28, எங்கள் நியூ ஜெர்சிக்கு 14.

ஆகவே ஒருவர் டெக்சாசில் ரைட்-இன் வேட்பாளர் ஆக வேண்டுமென்றால், “நான் ஜெயித்தால் என் சார்பில் வாக்களிக்கப் போகும் எலெக்டர்கள் இவர்கள்” என்று பட்டியலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அதுவும் ஆகஸ்ட் மாதத்திலேயே. பட்டியல் இல்லையென்றால் அந்த ஓட்டு யாரைப் போய்ச் சேரும்? இல்லினாயில் சிரமம் வேறு விதம்: மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தேர்தல் அலுவலகங்கள் இருக்கின்றன, எங்கெல்லாம் ஓட்டு எண்ணப்பட வேண்டுமோ அங்கெல்லாம் தனித்தனியாக மனுக் கொடுக்க வேண்டும். ஜார்ஜியாவில் நாளிதழில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

இதில் எனக்கு ஒரு கறாரான கருத்து உண்டு. நாட்டையே மாற்றுவேன் என்று யூடியூபில் மணிக்கணக்கில் பேசும் ஒருவர், உங்கள் மாநிலத்தில் இந்தப் படிவத்தை நிரப்பக்கூட ஆள் சேர்க்கவில்லை என்றால், அவர் உங்கள் ஓட்டைக் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். நீங்கள் மட்டும் அவருக்காக ஏன் மெனக்கெட வேண்டும்?

நான் நினைக்கிற ஆள் என் ஸ்டேட்ல பதிவு பண்ணியிருக்காரான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பெரும்பாலான மாநிலங்களில் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம் தேர்தலை நடத்துகிறது. நியூயார்க், இல்லினாய் போன்ற இடங்களில் மாநிலத் தேர்தல் வாரியம். ஏற்கப்பட்ட ரைட்-இன் வேட்பாளர் பட்டியலை அவர்கள் வெளியிடுவார்கள், பெரும்பாலும் தேர்தலுக்கு முந்தைய கடைசி வாரங்களில்தான். டெக்சாசில் அந்தப் பட்டியலை வாக்குச்சாவடியிலேயே ஒட்டி வைக்கிறார்கள். மற்ற இடங்களில் கேட்டால் காட்டுவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். தபால் ஓட்டுப் போடுபவர்கள் சீட்டு வந்த அன்றே எழுதி அனுப்பிவிடாமல் பட்டியல் வரும்வரை பொறுங்கள், கடைசித் தேதியைத் தவற விடாத அளவுக்கு மட்டும்.

வேட்பாளரின் சொந்தத் தளத்தில் “எல்லா மாநிலத்திலும் என் பெயரை எழுதலாம்” என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். மேலே சொன்னபடி சில மாநிலங்களில் அது முடியவே முடியாது.

இது நம்ம ஊர் நோட்டா மாதிரிதானே?

இல்லை. நோட்டா என்பது “எவரும் வேண்டாம்”. 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி இந்தியாவில் வந்தது, அது முதலிடம் பிடித்தாலும் அடுத்த இடத்தில் இருக்கும் வேட்பாளர்தான் ஜெயிப்பார். ரைட்-இன் என்பது “இன்னார் வேண்டும்”. பதிவு பெற்றவராக இருந்து போதுமான ஓட்டு விழுந்தால் சட்டப்படி அவர் ஜெயிக்கவும் முடியும்.

நோட்டா மாதிரி ஒன்று அமெரிக்காவில் நெவாடாவில் மட்டும் இருக்கிறது. ரைட்-இன்னுக்கு இடம் தராத அதே மாநிலம் 1976 முதல் ‘இவர்களில் எவரும் இல்லை’ என்ற வரியை மாநில அளவிலான பதவிகளுக்கு அச்சிட்டுத் தருகிறது. 2016-இல் அங்கே ஹிலரி கிளின்டன் டிரம்பை 27,202 ஓட்டில் ஜெயித்தார். ‘எவரும் இல்லை’ வாங்கியது 28,863. 2024 பிப்ரவரியில் குடியரசுக் கட்சியின் ப்ரைமரியில் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தல்) நிக்கி ஹேலியையே இந்த வரி பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்தது, டிரம்ப் அந்தப் பட்டியலில் இல்லை.

அதிபர் இடத்தைக் காலியா விடறதுக்கும் எழுதறதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் வேஸ்ட்தானே?

காலியாக விட்டால் சீட்டு செல்லாமல் போகாது. செனட், காங்கிரஸ், பள்ளி வாரியம் என்று மற்ற எல்லாவற்றுக்கும் நீங்கள் போட்டது எண்ணப்படும். 2016-இல் மிச்சிகனில் சுமார் 75,000 பேர் அதிபர் இடத்தை இப்படி விட்டுவிட்டு வந்தார்கள். அந்த மாநிலத்தில் வெற்றி வித்தியாசம் 10,704 மட்டுமே.

காலி இடத்தைப் பார்த்து யாரும் எதையும் படித்துக்கொள்ள முடியாது. மறந்தாரா, வெறுத்தாரா, வட்டம் சரியாக நிரம்பவில்லையா? பதிவு பெற்ற ஒருவரின் பெயர் அப்படியல்ல, அதிகாரபூர்வ முடிவில் அவர் பெயருக்கு எதிரே எண்ணாக நிற்கும். பதிவு பெறாதவர் பெயரும் காலி இடமும் விளைவில் ஏறக்குறைய ஒன்றே.

ஸ்பெல்லிங் தப்பா எழுதிட்டா செல்லாதா? எங்க ஆளோட பேரு ரொம்ப நீளம்!

இதற்கு அலாஸ்கா கதையைச் சொல்லியாக வேண்டும். 2010-இல் செனட்டர் லீசா மர்கௌஸ்கி தன் கட்சியின் ப்ரைமரியில் ஜோ மில்லரிடம் தோற்றார். விடவில்லை, நவம்பரில் ரைட்-இன் வேட்பாளராக நின்றார். வாயில் நுழைவதே சிரமமான பெயர். அதனால் பெயரை எழுத்து எழுத்தாக அச்சிட்ட கைப்பட்டைகளை ஆதரவாளர்கள் ஊரெல்லாம் கொடுத்தார்கள்.

எண்ணிக்கை ஜூனோ நகரில் நடந்தது. ஊழியர்கள் ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பார்க்க, பக்கத்தில் இரு தரப்புப் பார்வையாளர்களும் நின்றார்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் மில்லர் தரப்பு ஆட்சேபம் சொன்னது. 8,000-க்கும் மேற்பட்ட சீட்டுகள் இப்படிச் சர்ச்சையாகின. வாக்காளர் யாரை நினைத்து எழுதினார் என்பது தெளிவாக இருந்தால் போதும் என்று டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சர்ச்சைக்குரிய சீட்டுகள் அத்தனையையும் தள்ளினாலும் மர்கௌஸ்கி 2,000-க்கும் அதிகமான ஓட்டில் முன்னிலையில் இருந்தார்.

பல மாநிலங்களில் இதே கொள்கைதான்: எண்ணம் புரிந்தால் ஏற்பார்கள். அதற்காக அசட்டையாக இருக்காதீர்கள். முழுப் பெயரையும் பதிவில் உள்ளபடி, பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒரே குடும்பப் பெயரில் இருவர் பதிவு செய்திருந்தால் சிக்கல்தான். 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வத்தின் பெயரிலேயே இன்னும் சில பன்னீர்செல்வங்கள் நின்றது நினைவிருக்கும். அங்கே பலாப்பழச் சின்னம் பார்த்து ஓட்டுப் போட வழியிருந்தது. இங்கே சின்னம் கிடையாது, உங்கள் கையெழுத்து மட்டும்தான்.

எழுதினா போதுமா, வட்டத்தையும் நிரப்பணுமா?

இரண்டும் செய்யுங்கள். சீட்டை முதலில் படிப்பது இயந்திரம். அதற்குப் பெயர் படிக்கத் தெரியாது, ரைட்-இன் வட்டம் கருப்பாக இருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கும். இருந்தால் அந்தச் சீட்டை அல்லது அதன் படத்தைத் தனியே ஒதுக்கும், பிறகு மனிதர்கள் உட்கார்ந்து பெயரைப் படிப்பார்கள். வட்டத்தை விட்டுவிட்டால் பல மாநிலங்களில் உங்கள் பெயரை யாரும் பார்க்காமலே போகலாம்.

அச்சிட்ட பெயர் ஒன்றையும் நிரப்பி, கீழே இன்னொரு பெயரையும் எழுதினால் இரண்டு ஓட்டுப் போட்டதாகி அதிபர் இடத்தில் உங்கள் ஓட்டு செல்லாது. ஸ்டிக்கர் ஒட்டுவது வேண்டாம், பல இடங்களில் அனுமதி இல்லை, இயந்திரத்திலும் சிக்கும். ஜார்ஜியா போல் தொடுதிரை உள்ள இடத்தில் ரைட்-இன் தொட்டால் எழுத்துப் பலகை வரும். தட்டச்சு செய்த பின் அச்சாகி வரும் தாளில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள். எழுதிய பெருமையில் சீட்டைப் படமெடுத்துப் போடத் தோன்றும். நியூயார்க் உட்படச் சில மாநிலங்களில் அது சட்ட விரோதம்.

கையால எழுதியே யாராவது ஜெயிச்சிருக்காங்களா?

ஜெயித்திருக்கிறார்கள். மர்கௌஸ்கிக்கு முன்பே 1954-இல் ஸ்ட்ரோம் தர்மண்ட் தெற்கு கரோலினாவில் இப்படித்தான் செனட்டர் ஆனார். 2021-இல் பஃபலோ நகர மேயர் பைரன் பிரவுன் ப்ரைமரியில் இந்தியா வால்டனிடம் தோற்று, ரைட்-இன்னில் ஜெயித்துப் பதவியைத் தக்கவைத்தார். அவர் தரப்பு பெயர் பொறித்த ரப்பர் முத்திரைகளையே வாக்காளர்களுக்குக் கொடுத்தது, நியூயார்க் சட்டம் அதை அனுமதித்தது.

அதிபர் தேர்தலின் ப்ரைமரிகளிலும் நடந்திருக்கிறது. 1964-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஜெயித்த ஹென்றி கேபட் லாட்ஜ் அப்போது தென் வியட்நாமின் சைகோனில் அமெரிக்கத் தூதராக இருந்தார், பிரச்சாரத்துக்கே வரவில்லை. 2024-இல் அதே மாநிலத்தில் பைடன் பெயர் அச்சில் இல்லை, மக்கள் எழுதியே ஜெயிக்க வைத்தார்கள்.

இந்தப் பட்டியலை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பதவியில் இருந்த செனட்டர், பதவியில் இருந்த மேயர், தூதர், பதவியில் இருந்த அதிபர். ஊரறிந்த பெயரும், பணமும், ஆள்பலமும் இருந்தவர்கள். வெளியாள் கையில் இந்தக் கோடு கிடைத்து அவர் பெரிய பதவிக்கு வந்த கதையை நான் பார்க்கவில்லை. வெளியாட்களுக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் மர்கௌஸ்கியை உதாரணம் காட்டும்போது இதை மறைத்துவிடுகிறார்கள்.

சரி, அதிபர் தேர்தல்லயும் அப்படி ஜெயிக்க வாய்ப்பு இருக்கா? 270 யாருக்கும் வராம போனா?

அரசு வாக்குச்சீட்டு அச்சடிக்கத் தொடங்கிய பிறகு, நவம்பர் தேர்தலில் ரைட்-இன் ஓட்டால் ஒரு மாநிலத்தைக்கூட எந்த அதிபர் வேட்பாளரும் ஜெயித்ததில்லை. பெயர் அச்சில் இருந்தவர்களுக்கே கஷ்டம். 1992-இல் கட்சி சாராத ராஸ் பெரோ 50 மாநிலங்களிலும் சீட்டில் இருந்தார். சுமார் 1 கோடியே 97 லட்சம் ஓட்டு, 18.9 சதவீதம். எலெக்டர் எண்ணிக்கை பூஜ்யம். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற எல்லா இடத்திலும் மாநிலத்தில் முதலில் வருபவருக்கே மொத்த எலெக்டர்களும் போவதால் வரும் வினை அது.

270 யாருக்கும் கிடைக்காவிட்டால் அரசியல் சட்டத்தின் 12-ஆவது திருத்தப்படி பிரதிநிதிகள் சபை முடிவு செய்யும். அங்கே ஒரு மாநிலத்துக்கு ஓர் ஓட்டு. எலெக்டர் வாக்கில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களில் ஒருவரை மட்டுமே தேர்ந்தெடுக்கலாம். 1824 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சன் முதலிடத்தில் இருந்தும் சபை ஜான் குவின்சி ஆடம்சைத் தேர்ந்தெடுத்தது. ஆக, ஓர் எலெக்டர் ஓட்டாவது இல்லாத வெளியாள் அந்தக் கதவு வரைக்கும்கூடப் போக முடியாது.

வீட்டுக்காரர் திட்றார், ‘நீ எழுதிப் போட்டா உனக்குப் பிடிக்காதவன்தான் ஜெயிப்பான்’னு. அது உண்மையா அண்ணா?

எந்த மாநிலம் என்பதைப் பொறுத்தது, தங்கச்சி. 2000-இல் புளோரிடாவில் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் இடையே 537 ஓட்டு வித்தியாசம். மூன்றாவது கட்சி வேட்பாளர் ரால்ஃப் நாடர் வாங்கியது 97,488. நாடர் பெயர் அச்சில் இருந்தது, அது ரைட்-இன் அல்ல. ஆனாலும் கணக்கு ஒன்றுதான். 2020-இல் பைடன் டிரம்பை வென்ற வித்தியாசம் அரிசோனாவில் 10,457, ஜார்ஜியாவில் 11,779, விஸ்கான்சினில் 20,682. மூன்றையும் கூட்டினால் 43,000-க்கும் கீழே. அந்த மூன்று மாநிலங்கள் மாறியிருந்தால் எலெக்டர் எண்ணிக்கை 269-க்கு 269 என்று சமமாகியிருக்கும். அட்லாண்டாவைச் சுற்றி மட்டும் நம்மவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே சமயம், வெளியாளுக்கு விழும் ஒவ்வோர் ஓட்டும் வேறொருவரிடமிருந்து திருடியது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. ஓட்டு யாருடைய சொத்தும் அல்ல, அதைச் சம்பாதிக்க வேண்டியது வேட்பாளரின் வேலை. நெருக்கமான மாநிலத்தில் இருப்பவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இருவரில் எவர் வந்தாலும் எனக்கு உண்மையிலேயே ஒன்றுதானா? விசா விதி, வரி, மருத்துவக் காப்பீடு, கருக்கலைப்புச் சட்டம், உச்ச நீதிமன்ற நியமனம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தும் பதில் “ஒன்றுதான்” என்றால், தாராளமாக எழுதுங்கள். “இல்லை, ஒருவர் கொஞ்சம் மேல்” என்று வந்தால் வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

நாங்க நியூ ஜெர்சி. இங்க எப்படியும் டெமாக்ரட்தான். எழுதினா என்ன நஷ்டம்?

2020-இல் கேட்டிருந்தால் “ஒன்றுமில்லை” என்று சொல்லியிருப்பேன். அந்தத் தேர்தலில் பைடன் இங்கே 16 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். 2024-இல் கமலா ஹாரிஸ் ஜெயித்தது சுமார் 6 புள்ளியில். நான்கே ஆண்டில் இவ்வளவு சரிவு. “எப்படியும்” என்ற வார்த்தையைப் பழைய கணக்கை வைத்துச் சொல்லாதீர்கள், அக்டோபர் கருத்துக்கணிப்பைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கலிபோர்னியா நிலைமை வேறு. 2020-இல் அங்கே வித்தியாசம் 50 லட்சத்துக்கும் மேல். சான் ஹோசேயில் இருப்பவர் பதிவு பெற்ற ஒருவர் பெயரை எழுதுவதால் யாருடைய வெற்றியும் கெடாது, அவர் சொல்ல நினைத்ததும் பதிவாகும்.

மூணாவது கட்சிக்காரங்க பேரே சீட்டுல இருக்கும்போது எதுக்கு எழுதணும்?

இருந்தால் எழுத வேண்டாம், வட்டத்தை நிரப்பினால் போதும். சில மாநிலங்களில் அப்படி இருப்பதில்லை. நியூயார்க்கில் 2020-இல் விதியை மாற்றி, கட்சி சாராத ஒருவர் மாநில அளவில் சீட்டில் இடம்பெற ஆறு வாரத்துக்குள் 45,000 கையெழுத்து வேண்டும் என்றார்கள். 2024-இல் அங்கே அதிபர் பதவிக்கு அச்சான பெயர்கள் இரண்டே இரண்டு, டிரம்ப், ஹாரிஸ். ராபர்ட் கென்னடி ஜூனியர் கையெழுத்துக் கொடுத்தும் முகவரிப் பிரச்சினையில் நீதிமன்றம் அவர் பெயரை நீக்கியது. பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு ஓட்டுப் போட விரும்பியவர்கள் கையால்தான் எழுத வேண்டியிருந்தது. இவ்வளவு பெரிய மாநிலத்தில் இரண்டே பெயர் என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். இப்படிக் கதவடைக்கும் இடத்தில் ரைட்-இன் கோடு ரொம்பவே முக்கியமானது.

தலைகீழாகவும் நடக்கும். அதே கென்னடி ஆகஸ்டில் பிரச்சாரத்தை நிறுத்திவிட்டு டிரம்பை ஆதரித்த பிறகும், மிச்சிகன், விஸ்கான்சின் சீட்டுகளில் அவர் பெயர் அச்சாகியே இருந்தது.

எங்க ஆளு ப்ரைமரில தோத்துட்டார். அவர் பேரை எழுதலாமா?

2016-இல் பெர்னி சாண்டர்ஸ் ஆதரவாளர்கள் பலர் அதைச் செய்தார்கள். அவரே கிளின்டனை ஆதரித்துப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. கலிபோர்னியாவில் அவர் தகுதி பெற்ற ரைட்-இன் பட்டியலில் இருந்தார், 79,341 ஓட்டு அவர் பெயரில் பதிவானது. வெர்மான்ட்டில் அப்போது பதிவு தேவைப்படவில்லை, 18,218 பேர் எழுதினார்கள். அது மாநில வாக்கில் 5 சதவீதத்துக்கும் மேல்.

எண்ணினார்கள் என்பது ஒரு பக்கம். வேட்பாளரே “எனக்குப் போடாதீர்கள், அவருக்குப் போடுங்கள்” என்று சொன்ன பிறகும் அவர் பெயரை எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருவரை நம்பி ஓட்டுப் போடுகிறோம் என்றால் அவர் சொல்லையும் கொஞ்சம் நம்ப வேண்டும்.

வெளிநாட்டுல பிறந்த நம்மாளு பேரை எழுதலாமா? 2024-ல சிவா அய்யாதுரை நின்னாரே?

மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சிவா அய்யாதுரை 2024-இல் அதிபர் தேர்தலுக்குப் பிரச்சாரம் செய்தது உண்மைதான். ஆனால் அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, பிறப்பிலேயே குடிமகனாக இருப்பவர்தான் அதிபர் ஆகலாம் என்கிறது. பிற்பாடு குடியுரிமை பெற்றவர் செனட்டர் ஆகலாம், கவர்னர் ஆகலாம், அதிபர் ஆக முடியாது. ஓட்டு எவ்வளவு விழுந்தாலும் இந்தத் தடை விலகாது. இந்த விதி மாற வேண்டும் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன். அதற்கு அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும். வாக்குச்சீட்டுக் கோட்டில் அது நடக்காது.

இங்கேயே பிறந்த நம் பிள்ளைகளுக்கு இந்தத் தடை இல்லை. சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் பிறந்தது ஓக்லண்டில்.

மெய்ன், அலாஸ்காவுல ரெண்டாவது சாய்ஸ் போடலாமாமே? அங்க இந்தக் குழப்பம் இல்லையா?

குறைவு. 2020 முதல் மெய்னிலும், 2024-இல் அலாஸ்காவிலும் அதிபரை வரிசைப்படுத்தித் தேர்ந்தெடுக்கும் முறை இருந்தது. பிடித்த வெளியாளுக்கு 1, பரவாயில்லை என்பவருக்கு 2 என்று போடலாம். வெளியாள் கழிந்துவிட்டால் ஓட்டு இரண்டாமவருக்குப் போகும். நாடு முழுக்க இப்படி இருந்தால் வீட்டுக்காரரோடு சண்டையே வராது. ரைட்-இன் பற்றிக் கவலைப்படுவோர் தங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியது இந்த மாற்றத்தைத்தான்.

மிக்கி மவுஸ்னு எழுதிட்டு வந்தேன்னு ஃப்ரெண்டு சொல்றான். தப்பா?

குற்றமில்லை. ஆனால் நான் மேலே சொன்ன மாதிரி, அதையும் ஒரு மனிதர் உட்கார்ந்து படித்து ஒதுக்க வேண்டும். நெருக்கமான தேர்தலில் அந்த மேஜையில் இருப்பவர்கள் இரவு பகலாக வேலை பார்ப்பவர்கள். கோபத்தைக் காட்ட வேண்டுமென்றால் நெஞ்சில் நிஜமாகவே இருக்கும் ஒருவரின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

நீங்களே சொல்லுங்க அண்ணா, நீங்க எழுதுவீங்களா?

நான் இருக்கும் மாநிலம் அந்த ஆண்டு நெருக்கமாக இருந்தால் எழுதமாட்டேன். அச்சில் இருக்கும் இருவரில் கொஞ்சம் மேலானவருக்குப் போட்டுவிட்டு வருவேன். நெருக்கமாக இல்லாமல், நான் மதிக்கும் ஒருவர் வேலை மெனக்கெட்டு எலெக்டர்களையும் சேர்த்துக்கொண்டு நின்றால் எழுதுவேன், தயங்கமாட்டேன். பதிவு தேவைப்படாத மாநிலம் என்பதற்காக யார் பெயரையாவது எழுதும் வேலையை மட்டும் செய்யமாட்டேன். ஓட்டுரிமைக்காகப் பல வருடம் வரிசையில் நின்றவர்கள் நாம்.

எழுதிப் போட்டாச்சு. எண்ணினாங்களான்னு எங்கே பார்க்கறது?

தேர்தல் இரவில் டிவியில் பார்க்காதீர்கள், அங்கே வராது. ரைட்-இன் பெயர்கள் மற்ற எண்ணிக்கைக்குப் பிறகுதான் பிரித்துப் பார்க்கப்படும். சில வாரம் கழித்து மாநிலம் வெளியிடும் சான்றளிக்கப்பட்ட இறுதி முடிவில் தேடுங்கள். பதிவு பெற்ற ரைட்-இன் வேட்பாளர்கள் பெயரோடு தனித்தனியாக இருப்பார்கள். அதில் இல்லையென்றால் உங்கள் கவுன்ட்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) முடிவைப் பாருங்கள், சில மாநிலங்களில் பெயர்வாரியான கணக்கு அந்த அளவிலேயே நின்றுவிடும். அங்கும் இல்லையென்றால் கவுன்ட்டி தேர்தல் அலுவலகத்துக்குப் போன் செய்து, அதிபர் பதவிக்கான ரைட்-இன் எண்ணிக்கை விவரம் வேண்டும் என்று கேளுங்கள்.